பிலிப்பைன்ஸ் டீன்ஏஜ் பசங்களுக்கு ஒரு கிறிஸ்தவ ரேடியோ நிகழ்ச்சி: எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

பிலிப்பைன்ஸ்ல டீன்ஏஜ் பசங்களுக்குன்னு தனியா ஒரு கிறிஸ்தவ ரேடியோ நிகழ்ச்சின்னு சொன்னதும் ரெண்டு கேள்வி வரும். கையில டிக்டாக் வச்சிருக்குற பசங்க ரேடியோவா கேப்பாங்க? அந்த நாடே கிறிஸ்தவ நாடாச்சே, அங்க போய் புதுசா என்ன சொல்லப் போறாங்க? ரெண்டும் நியாயமான கேள்விதான். ஆனா ரேடியோன்னா மேசை மேல இருக்குற பெட்டி, நிகழ்ச்சின்னா அதுல ஓடுற பிரசங்கம்னு வச்சுக்கிட்டு கேக்குற கேள்வி. அங்க நிலைமை அப்படி இல்ல, ஏன் இல்லன்னு அடியில இருந்து பாத்துட்டு வரலாம்.

மணிலா ரேடியோ நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்லன்னு முதல்லயே சொல்லிடுறேன். வேரித்தாஸ்ங்குற கத்தோலிக்க ரேடியோவோட தமிழ்ப்பணிய சிற்றலையில கேட்ட குடும்பங்க தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் நிறைய, அந்த நிலையம் இருந்தது மணிலா பக்கம்தான். 2018ல சிற்றலைய நிறுத்திட்டு முழுசா இணையத்துக்குப் போயிட்டாங்க. அந்த மாற்றம் இந்த விஷயத்துக்கும் பொருந்தும், கீழ வருது.

அங்க ரேடியோன்னா என்ன

நிலையத்தோட பேரைப் பாத்தாலே அது எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும். டி.ஜெட், டி.டபிள்யூன்னு ஆரம்பிச்சா லூசோன் (மணிலா இருக்குற வடக்குப் பகுதி), டி.ஒய்னா நடுவுல இருக்குற விசாயாஸ் தீவுகள், டி.எக்ஸ்னா தெற்குல மிண்டனாவ். ஏ.எம்ல செய்தி, அரசியல், நாடகம், ஜெபம். எஃப்.எம்ல பாட்டு, அரட்டை, ராத்திரி நேரத்துல காதல் தோல்விக்கு ஆலோசனை. பசங்க காதுல விழுறது பெரும்பாலும் எஃப்.எம்தான், அதுவும் அவங்க போட்டுக் கேக்குறது இல்ல, ஜீப்னில (அங்க ஓடுற ஷேர் ஜீப் மாதிரி வண்டி) டிரைவர் போடுறது, முக்குக் கடையில ஓடுறது, பாட்டி சமையக்கட்டுல வைக்கிறது.

சட்டப்படி பாத்தா, அங்க ஒளிபரப்பு பண்ண நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உரிமம் குடுக்கணும், அதுக்கு மேல தேசிய தொலைத்தொடர்பு ஆணையம் அலைவரிசை ஒதுக்கணும். ஊடகம் நூத்துக்கு நூறு உள்நாட்டு ஆளுங்க கையிலதான் இருக்கணும்னு 1987 அரசியலமைப்பே சொல்லுது. இந்த உரிமம் எவ்வளவு சீரியஸான விஷயம்னு 2020ல எல்லாருக்கும் புரிஞ்சது. நாட்டோட பெரிய நெட்வொர்க்கான ஏ.பி.எஸ்-சி.பி.என் உரிமம் முடிஞ்சு மே 5ஆம் தேதி டிவி, ரேடியோ ரெண்டும் அடங்கிப் போச்சு, ஜூலையில நாடாளுமன்றக் குழு 70க்கு 11னு ஓட்டுப் போட்டு புதுப்பிக்க முடியாதுன்னுடுச்சு.

அதனால ஒரு சர்ச்சோ மிஷனோ நிகழ்ச்சி பண்ணணும்னா மூணு வழிதான்.

1. ஏற்கனவே உரிமம் வச்சிருக்குற கிறிஸ்தவ நிலையத்தோட சேர்ந்து தயாரிக்குறது.
2. ஏதாவது வணிக நிலையத்துல நேரத்தை விலைக்கு வாங்குறது. இதை அங்க பிளாக்டைம்னு சொல்வாங்க, வாங்குறவரு பிளாக்டைமர். காசு இருக்குற வரைக்கும் ஓடும், தீந்தா அடுத்த வாரம் அதே நேரத்துல மூலிகை எண்ணெய் விளம்பரம் ஓடும்.
3. அலைவரிசையே வேணாம்னு ஃபேஸ்புக் லைவ், யூடியூப், பாட்காஸ்ட்னு போறது.

நடைமுறையில முதலும் மூணாவதும் கலந்துதான் ஓடுது. ஏ.எம் நிலையங்க கூட ஸ்டூடியோவுல கேமரா வச்சு ஃபேஸ்புக்ல நேரலை விடுறாங்க. அதனால "ரேடியோவா டிக்டாக்கா"ங்குற கேள்வியே அங்க கொஞ்சம் பழசு. ரேடியோங்குறது அங்க இப்ப ஒரு பெட்டி இல்ல, ஒரு குரல் குறிச்ச நேரத்துக்கு வந்து பேசுற பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கு அங்க பெரிய சரித்திரமே இருக்கு. ஃபார் ஈஸ்ட் பிராட்காஸ்டிங் கம்பெனிங்குற கிறிஸ்தவ ரேடியோ அமைப்போட மணிலா நிலையம் 1948 ஜூன் 4ஆம் தேதி ஒளிபரப்பை ஆரம்பிச்சது, இன்னைக்கு அது 702 டி.ஜெட்.ஏ.எஸ். அந்தக் காலத்துல கிராமங்களுக்கு அவங்களே ரேடியோ பெட்டி குடுத்தாங்க, அந்த ஒரு நிலையத்தைத் தவிர வேற எதுவும் பிடிக்காத மாதிரி டியூன் பண்ணி. கேக்குறவன் மாத்தவே முடியாது! இன்னைக்குப் பையன் மூணு செகண்ட்ல தள்ளிட்டுப் போயிடுவான். வடிவமைப்புல மாறுன ஒரே பெரிய விஷயம் இதுதான்னு கூட சொல்லலாம்.

1986 பிப்ரவரியில கார்டினல் ஹைமே சின், அதிபர் மார்கோஸ் ஆட்சிக்கு எதிரா மக்களை மணிலாவோட எட்சா சாலைக்கு வரச் சொன்னது ரேடியோ வேரித்தாஸ்லதான், மறுநாளே அதோட டிரான்ஸ்மிட்டரை அடிச்சு நொறுக்கினாங்க. எல் ஷடாய்ங்குற பெரிய கத்தோலிக்க கரிஸ்மாட்டிக் இயக்கம் 80கள்ல ஒரு ரேடியோ நிகழ்ச்சியில இருந்து வளந்ததுதான். அங்க மதமும் ரேடியோவும் ரொம்ப நாளா ஒரே வீட்டுலதான் குடியிருக்கு.

யாருக்குப் பேசுறோம்

2020 கணக்கெடுப்புல மக்கள்தொகை 10.9 கோடி. அதுல கத்தோலிக்கர் 78.8 சதவீதம், இஸ்லாமியர் 6.4, இக்லேசியா நி கிறிஸ்தோ (அந்த நாட்டுலயே உருவான தனி சபை) 2.6. மிச்சத்துலதான் மத்த சபைகள் எல்லாம். ஆக "இயேசு யாருன்னு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா பையன் சிரிப்பான். அவனுக்குத் தெரியும். ஞானஸ்நானம் வாங்கியாச்சு, கழுத்துல ஜெபமாலை, ஜீப்னி கண்ணாடியில சாந்தோ நீன்யோ (குழந்தை இயேசு) படம், ஸ்கூல் நாடகத்துல மூணு ராஜாக்கள்ல ஒருத்தனா வேஷம் போட்டாச்சு. தெரியாத விஷயம் வேற, இதெல்லாம் என் வாழ்க்கையில எங்க வருதுங்குறது.

டீன்ஏஜ்னு ஒரே கூட்டமா நினைச்சா அங்கயே சறுக்கிடும். 13 வயசு கிரேடு 7 பொண்ணும், 17 வயசு சீனியர் ஹைஸ்கூல் பையனும், 19 வயசுல கால் சென்டருக்கு இன்டர்வியூ போறவனும் ஒரே நிகழ்ச்சி கேக்க மாட்டாங்க. 2013ல கே டு 12 சட்டம் வந்து ஸ்கூல்ல ரெண்டு வருஷம் கூடுனதுல இருந்து 16, 17 வயசுக்காரங்க தனிக் கூட்டமாவே ஆயிட்டாங்க, காலேஜும் இல்ல, சின்னப் பசங்களும் இல்ல. என்னைக் கேட்டா முதல் நிகழ்ச்சிய இவங்களுக்குத்தான் பண்ணணும். சின்னப் பசங்க எப்பவும் தன்னை விட ரெண்டு வயசு மூத்தவங்க பேச்சை ஒட்டுக்கேப்பாங்க, மூத்தவங்க திரும்பி கீழ பாக்க மாட்டாங்க.

அப்புறம் ஒரு ஆளைப் பிடிக்கணும். "இளைஞர்கள்"னு எழுதுறதை விட்டுட்டு ஒரு பொண்ணை வரைஞ்சு பாருங்க. வயசு 16, வீடு மணிலாவை ஒட்டின கலோகான்ல ஒரு சந்துல. அம்மா துபாய்ல வீட்டு வேலை, போய் ஆறு வருஷம் ஆச்சு. அப்பா வேற ஊர்ல. பாட்டிதான் வளக்குறாங்க, லோலான்னு கூப்பிடுவா. ஸ்கூல்ல கூட்டம் ஜாஸ்தி, அதனால ஷிஃப்ட், காலை ஷிஃப்ட்னா விடியுறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும். ஒரே ரூம்ல நாலு பேர் படுக்கை, பக்கத்து வீட்டுல வீடியோகே (கரோக்கி பாட்டு) சத்தம். தனியா இருக்க அவளுக்குக் கிடைக்கிற ஒரே இடம் இயர்போன். வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய அட்டைப்பெட்டி வரும், பாலிக்பாயான் பாக்ஸ்னு சொல்றது, அதுல சாக்லேட்டு, சோப்பு, ரெண்டு சைஸ் சின்னதாப் போன டீ-ஷர்ட். அம்மா மனசுல அவ இன்னும் பத்து வயசுலயே நிக்குறா.

அந்த டீ-ஷர்ட்டைப் பத்தி ஒரு நிகழ்ச்சி பண்ணலாம். "பெற்றோரைக் கனம் பண்ணு"ன்னு தலைப்புப் போட்டு அரை மணி நேரம் பேசுறதை விட அது தூரம் போகும். ஏன்னா வெளிநாட்டுல வேலை பாக்குற ஃபிலிப்பினோக்கள் சுமார் 20 லட்சம் பேர், அவங்க வீட்டுல எல்லாம் இந்த மாதிரி ஒரு பெட்டி இருக்கும்.

மொழி: இங்கதான் பாதி சண்டை

டகாலோக் (அதை வச்சுதான் ஃபிலிப்பினோங்குற தேசிய மொழி), இங்கிலீஷ், ரெண்டும் கலந்த டாக்லிஷ், அதுக்கு அப்புறம் செபுவானோ, இலோகானோ, ஹிலிகாய்னோன், பிகோல், வாராய்னு ஒரு வரிசை. மணிலா பசங்க பேசுறது டாக்லிஷ், அது சோம்பேறித்தனமும் இல்ல ஸ்டைலும் இல்ல, அவங்க யோசிக்கிறதே அப்படித்தான்.

பைபிளுக்கே இந்தப் பிரச்சினை வந்துச்சு. 2018ல பிலிப்பைன் பைபிள் சொசைட்டி புதிய ஏற்பாட்டை டாக்லிஷ்ல, பினோய் வெர்ஷன்னு போட்டாங்க. வேதத்தை இப்படியா கொச்சைப்படுத்துறதுன்னு ஒரு பக்கம், முதல் தடவையா புரியுற மாதிரி இருக்குன்னு இன்னொரு பக்கம், நல்லாவே சண்டை நடந்துச்சு. ரேடியோவுக்கு இதுல எடுத்துக்க வேண்டியது என்னன்னா, தொகுப்பாளர் பேச்சு டாக்லிஷ்ல இருக்கட்டும், வசனம் படிக்கும்போது மட்டும் நல்ல டகாலோக்ல மெதுவா படிக்கட்டும். அந்த வித்தியாசத்தைக் காது உடனே கவனிக்கும். ரெண்டையும் ஒரே தொனியில படிச்சா வசனம் அரட்டையில கரைஞ்சு போயிடும்.

மணிலாவுல எழுதின ஸ்கிரிப்டை அப்படியே செபுவுக்கு அனுப்பறது அடுத்த தப்பு. ஒரு சின்ன உதாரணம். நீதிமொழிகள் 6:6ல சோம்பேறிய எறும்புகிட்ட போய் கத்துக்கச் சொல்லுதுல்ல, டகாலோக்ல எறும்புக்கு "லங்காம்". அதே வார்த்தைக்கு செபுவானோவுல பறவைன்னு அர்த்தம். செபு பையன் டிவி பாத்து டகாலோக் தெரிஞ்சு வச்சிருப்பான், அதனால குழம்ப மாட்டான், ஆனா சிரிப்பான், சிரிச்ச அடுத்த செகண்ட் "இது மணிலாக்காரன் நிகழ்ச்சி"ன்னு முடிவு பண்ணிடுவான். வார்த்தை புரியலங்குறது சின்ன நஷ்டம், இது நமக்கானது இல்லன்னு தோணுறதுதான் பெரிய நஷ்டம். நெட்வொர்க் வச்சிருக்குறவங்க செபு, பகோலோட், டாவாவோன்னு தனித்தனி நிலையம் வச்சு அந்தந்த ஊர் மொழியில பேசுறது இதுக்குத்தான். கருவை மட்டும் பகிர்ந்துக்கலாம், ஸ்கிரிப்டை அங்கங்க புதுசா எழுதணும்.

ஸ்லாங் விஷயத்துல கை அடக்கமா இருக்குறது நல்லது. 2010 வாக்குல ஜெஜெமோன்னு ஒரு டைப்பிங் ஸ்டைல் வந்து போச்சு. 2017ல வார்த்தைகளைத் திருப்பிப் போட்டுப் பேசினாங்க, ஐடலை லோடின்னு. இன்னைக்கு நாப்பது வயசு பாஸ்டர் மைக்ல "லோடி"ன்னா பசங்க நெளிவாங்க. மாறாம நிக்கிறது வேற ஒண்ணு இருக்கு, உறவு முறை. தொகுப்பாளர் ஆம்பளைன்னா கூயா, பொம்பளைன்னா ஆத்தே, அதாவது அண்ணன், அக்கா. "பிரதர்", "பாஸ்டர்"னு வந்தா சர்ச்சு, "சார்"னு வந்தா ஸ்கூலு. கூயாகிட்டதான் கேக்க முடியாததைக் கேப்பாங்க. பாட்டி, அம்மான்னு எல்லாரும் கேக்குற கேள்வி அங்கயும் "குமாயின் கா நா", சாப்டியான்னுதான். நிகழ்ச்சிய அந்தக் கேள்வியோட ஆரம்பிக்கலாம், ஹலோ லிஸனர்ஸ் எல்லாம் வேணாம்.

என்ன பேசுறது, எதைத் தொடாம விடுறது

2015 ஜனவரியில போப் பிரான்சிஸ் மணிலா சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்துல இளைஞர்களைச் சந்திச்சார். தெருவுல வளந்து மீட்கப்பட்ட 12 வயசுப் பொண்ணு ஒருத்தி மைக் முன்னாடி வந்து, குழந்தைங்களுக்கு இப்படி எல்லாம் நடக்கக் கடவுள் ஏன் விடுறார்னு கேட்டுட்டு முடிக்க முடியாம அழுதுட்டா. போப் எழுதி வச்சிருந்த இங்கிலீஷ் உரைய ஓரமா வச்சுட்டு தன்னோட சொந்த ஸ்பானிஷ்ல பேசினார், இந்தக் கேள்விக்குப் பதில் இல்லன்னு சொன்னார், அழத் தெரிஞ்சாதான் இதுக்குப் பக்கத்துல வர முடியும்ங்குற அர்த்தத்துல. அந்தப் பொண்ணைக் கட்டி அணைச்சார்.

டீன்ஏஜ் நிகழ்ச்சி பண்றவங்க இந்தக் காட்சியை ஒரு பாடமாவே எடுத்துக்கலாம். நம்ம கிறிஸ்தவ நிகழ்ச்சிகள்ல ஒரு கேள்வி வந்தா முப்பது செகண்ட்ல வசனம் சொல்லி மூடிடுறோம், தமிழ்லயும் இதே வியாதிதான். 16 வயசுல ஒருத்தன் கேள்விய வெளிய சொல்றதுக்கே மூணு வாரம் யோசிச்சிருப்பான். அங்க ஹியான்னு ஒண்ணு இருக்கு, வெக்கம், மானம், கூச்சம் மூணும் சேர்ந்தது, அதைத் தாண்டித்தான் அவன் டைப் பண்றான். அதை முப்பது செகண்ட்ல மூடுனா அவன் அடுத்து எழுத மாட்டான்.

அவன் எழுதுறதும் நேரா இருக்காது. "ஷேர் கோ லாங்"னு ஆரம்பிக்கும், சும்மா சொல்றேன்னு அர்த்தம். சும்மா சொல்றேன்னு ஆரம்பிச்சா சும்மா இல்லன்னு அர்த்தம். இல்லன்னா ஹூகோத்னு ஒரு வகை, சோகத்தை ஜோக் மாதிரி ஒத்தை வரியில சொல்றது. ஜோக்குக்குச் சிரிச்சுட்டு, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு கேக்கத் தெரிஞ்ச தொகுப்பாளர் வேணும்.

தலைப்புக்குப் பஞ்சமே இல்ல. படிக்க வச்ச அத்தைக்கு வாழ்நாள் பூரா கடன்பட்ட மாதிரி இருக்குற உத்தாங் நா லோப். நண்பர் கூட்டம், பர்காடா, அவங்க குடிக்கும்போது நான் மட்டும் எப்படி மாட்டேன்னு சொல்றது. காதல், படிப்புச் செலவு, வீட்டுக்கு மூத்த பிள்ளையா இருக்குறது.

தொடக் கூடாததுல முதல் இடம் சபைச் சண்டைக்கு. மாதாவைப் பத்தி, சொரூபங்களைப் பத்தி, இக்லேசியாவைப் பத்தி விவாதம் பண்றதுக்குன்னே அங்க நிகழ்ச்சிகள் இருக்கு, பெரியவங்க விரும்பிக் கேப்பாங்க. டீன்ஏஜ் நிகழ்ச்சியில ஒரு இவாஞ்சலிக்கல் (கத்தோலிக்கம் இல்லாத சுவிசேஷ சபை) தொகுப்பாளர் ஜெபமாலைய ஒரு வார்த்தை கிண்டல் பண்ணா, அந்த வீட்டுல லோலா கேட்டுட்டு இருப்பாங்கங்குறதை மறந்துடக் கூடாது, ரேடியோவை அணைக்கிறது அவங்க கைதான். ரெண்டாவது, ஜெயிச்ச கதைங்க மட்டுமே. போதையில இருந்தேன், ஜெபிச்சேன், மாறிட்டேன்னு ஒவ்வொரு வாரமும் வந்தா இன்னும் மாறாத பையன் தன்னைக் கணக்குல சேக்க மாட்டான்.

அரை மணி நேரத்தை எப்படி வெட்டுறது

ரேடியோவுல நிகழ்ச்சியோட நேரப் பங்கீட்டை வட்டமா வரைஞ்சு வச்சுக்குவாங்க, கிளாக்னு பேரு. 30 நிமிஷ ஸ்லாட்டுன்னா விளம்பரம், நிலைய அறிவிப்பு எல்லாம் போக உண்மையில கையில வர்றது 26, 27 நிமிஷம். ஒரு மாதிரி கிளாக்:

1. முதல் 40 செகண்ட்: சிக்னேச்சர் ட்யூன் கிடையாது, வரவேற்பு கிடையாது. ஒரு பையனோ பொண்ணோ அனுப்பின வாய்ஸ் மெசேஜ், குரலை அடையாளம் தெரியாம மாத்தி. நடுவுல வெட்டி நிறுத்தணும். அதுக்கு அப்புறம் ட்யூன் போடலாம்.
2. 5 நிமிஷம் வரைக்கும் நாடகம். ரெண்டே பாத்திரம், ஒரே இடம். அங்க ரேடியோ நாடகத்துக்குப் பெரிய பாரம்பரியம் இருக்கு, பாட்டிகள் காலத்துல இருந்து கேட்டு வளந்த காது. ஜீப்னி பிரேக் சத்தம், கூரைத் தகரத்துல மழை, இது போதும் இடத்தைச் சொல்ல. நாடகம் முடிவு சொல்லக் கூடாது, ஒரு கதவு சாத்துற சத்தத்தோட நின்னுடணும்.
3. ஒரு பாட்டு.
4. 8 நிமிஷம் பேச்சு, கூயாவும் ஆத்தேவும். ஒருத்தர் 20களோட தொடக்கம், இன்னொருத்தர் 30 தாண்டினவர். ரெண்டு பேரும் ஒத்துப் போகணும்னு அவசியமே இல்ல, ஒத்துப் போகாம இருந்தா இன்னும் நல்லது.
5. வசனம், ஒன்றரை நிமிஷம். கதையா இருந்தா அருமை. யோசேப்பை அண்ணன்மாரே வித்த கதையை, வேலைக்குன்னு கடல் தாண்டிப் போனவங்களை நினைச்சுக்கிட்டே அங்க கேப்பாங்க, நீங்க விளக்கவே வேணாம்.
6. இன்னொரு பாட்டு, போன வாரம் வந்த மெசேஜ்ல ரெண்டு, மிச்ச நிமிஷங்க இதுக்குத்தான்.
7. கடைசியில அடுத்த வாரத்துக்கான கேள்வி, அனுப்ப வேண்டிய நம்பர். நம்பரை ரெண்டு தடவை, மெதுவா.

ஸ்கிரிப்ட் நீளத்தைக் காகிதத்துல வார்த்தை எண்ணிப் பாக்குறது வேலைக்கு ஆகாது. டகாலோக்கும் தமிழ் மாதிரித்தான், ஒட்டு ஒட்டி வார்த்தை நீண்டுட்டே போகும். சத்தமாப் படிச்சு ஸ்டாப்வாட்ச்ல பாக்குறதுதான் கணக்கு. ஒன்றரை நிமிஷம்னு நினைச்சு எழுதினது மூணு நிமிஷம் ஓடும்.

பாட்டு விஷயத்துல ரெண்டு சிக்கல்

1987ல வந்த நிர்வாக ஆணை 255படி, பாட்டு நிகழ்ச்சி நடத்துற நிலையம் ஒவ்வொரு மணி நேரத்துலயும் குறைஞ்சது நாலு உள்நாட்டுப் பாட்டு போடணும். ஃபிலிப்பினோ உருவாக்கின பாட்டா இருக்கணும், வரி எந்த மொழியில இருந்தாலும் சரி. கிறிஸ்தவ நிகழ்ச்சிக்கு இது கஷ்டமே இல்ல. கத்தோலிக்கப் பக்கம் புகாஸ் பாலாத், ஹங்காத் மாதிரி குழுக்கள், இவாஞ்சலிக்கல் பக்கம் பப்பூரி, எல்லாரும் சொந்தமா பாட்டு உருவாக்கி வச்சிருக்காங்க. இருந்தும் நிறைய நிகழ்ச்சிங்க வெளிநாட்டு ஆராதனைப் பாட்டையே திருப்பித் திருப்பிப் போடுறாங்க, ஏன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல.

ரெண்டாவது சிக்கல் ஃபேஸ்புக். நிலையம் ஃபில்ஸ்காப்ங்குற காப்புரிமைச் சங்கத்துக்கு உரிமக் கட்டணம் கட்டி இருக்கும், அது ஒளிபரப்புக்குச் சரி. ஆனா அதே நேரம் ஃபேஸ்புக் லைவ்ல ஓடும்போது அங்க இருக்குற தானியங்கி பாட்டைக் கண்டுபிடிச்சு சத்தத்தை அடைச்சிடும், சில நேரம் வீடியோவையே நிறுத்திடும். அதனால லைவ் போற நிகழ்ச்சிக்கு, பாட்டு ஓடுற நேரத்துல நேரலையில மட்டும் தொகுப்பாளர்கள் கமென்ட் படிக்கிற மாதிரி தனி ஆடியோ லைன் குடுக்கணும். மிக்ஸர்ல ஒரு சேனல் விஷயம்தான், முதல் நாளே யோசிக்கலைன்னா ஒவ்வொரு வாரமும் தலைவலி.

பதில் மேசை: உண்மையில நிகழ்ச்சி இங்கதான் இருக்கு

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதி படிக்க நேரம் இருந்தா இதைப் படிங்க. நிகழ்ச்சி வாரத்துக்கு அரை மணி நேரம், அதுக்கு வர்ற மெசேஜுக்குப் பதில் சொல்றது மிச்ச நேரம் பூரா. வழக்கமா என்ன நடக்குதுன்னா ஸ்கிரிப்டுக்கு ஆள், மைக்குக்கு ஆள், எடிட்டுக்கு ஆள்னு போட்டுட்டு, மெசேஜை யாருக்கு நேரம் இருக்கோ அவங்க பாக்கட்டும்னு விட்டுடுறாங்க. இது தலைகீழ். பதில் சொல்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு முதல்ல எண்ணுங்க, நிகழ்ச்சி எவ்வளவு ஆழமாப் பேசலாம்ங்குறது அந்த எண்ணிக்கையில இருந்துதான் வரணும். ரெண்டே பேர் இருக்கும்போது தற்கொலை எண்ணத்தைப் பத்தி ஒரு எபிசோட் போட்டு "எழுதுங்க, நாங்க இருக்கோம்"னு சொன்னா அது பொய்.

இதுல கவனிக்க வேண்டியது:

1. சிம் யார் பேர்ல. 2022ல வந்த சிம் பதிவுச் சட்டப்படி, 18க்குக் கீழ இருந்தா சிம் அம்மா அப்பா இல்ல பாதுகாவலர் பேர்லதான் பதிவாகும். போன் வீட்டுல பொதுவாவும் இருக்கும். நீங்க பாட்டுக்கு ராத்திரி "நேத்து அப்பா அடிச்சதைப் பத்தி எழுதியிருந்தியே"ன்னு பதில் போட்டா, அதைப் பாக்குறது அந்த அப்பாவா இருக்கலாம். அதனால முதல் பதில் எப்பவும் வெறுமையா இருக்கணும், "உன் மெசேஜ் வந்தது, இப்ப பேசலாமா?" அவ்வளவுதான்.

2. பேர், ஸ்கூல், பரங்காய் (அந்த ஊர் வார்டு மாதிரி) எதுவும் ஏர்ல வரக் கூடாது. 2012 தரவு தனியுரிமைச் சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "கலோகான்ல இருந்து அம்மா துபாய்ல இருக்குற 16 வயசு"ன்னாலே அவளோட வகுப்புக்கு யாருன்னு தெரிஞ்சிடும். ஊரை மாத்துங்க, வயசை மாத்துங்க, துபாயை ஹாங்காங் ஆக்குங்க.

3. எது ஆலோசனை, எது சட்டப் பிரச்சினைன்னு பிரிக்கத் தெரியணும். 15 வயசுப் பொண்ணு "பாய்ஃப்ரெண்டுக்கு 24, அவர் வரச் சொல்றார்"னு எழுதினா அது காதல் தலைப்பு இல்ல. 2022 மார்ச்சுல பாலுறவுக்கான சம்மத வயசை 12ல இருந்து 16 ஆக்கிட்டாங்க, அது வரைக்கும் 12ஆதான் இருந்துச்சுங்குறதே அதிர்ச்சிதான். இந்த மெசேஜ் நிகழ்ச்சிக்குப் போகவே கூடாது, போலீஸ் நிலையத்துல பெண்கள் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்கு வழி காட்டணும். இதைத் தன்னார்வலர் முடிவு பண்ணக் கூடாது, மேல ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருக்கணும்.

4. உயிர் போற விஷயம்னா தேசிய மனநல மையத்தோட 1553 நம்பர் மேசையில ஒட்டி இருக்கணும், கூடவே அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் யாருன்னு கேக்கணும். ஜெபம் பண்றதை யாரும் வேணாங்கல, ஜெபம் மட்டும் பண்ணிட்டு விட்டுடுறதுதான் தப்பு.

5. பெரியவர் ஒருத்தர் ஒரு பிள்ளையோட தனி சாட்ல மாசக்கணக்கா பேசிட்டு இருக்குற நிலைமையே வரக் கூடாது. எல்லா பதிலும் நிகழ்ச்சியோட பொது அக்கவுண்ட்ல, ரெண்டு பேர் பாக்குற மாதிரி. இது சந்தேகப்படுறது இல்ல, ரெண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

காலண்டர்

செப்டம்பர் வந்தா அங்க கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பம், "பெர்"னு முடியுற நாலு மாசமும் பண்டிகைதான். டிசம்பர் 16ல இருந்து 24 வரைக்கும் சிம்பாங் காபி, விடியக்கால பூசை, பசங்க பாதிப் பேர் நண்பர்களைப் பாக்கத்தான் போவாங்க, அதையே சிரிச்சுக்கிட்டு ஒரு எபிசோட் ஆக்கலாம். புனித வாரத்துல வியாழன், வெள்ளியில நிறைய நிலையங்க ஒளிபரப்பையே நிறுத்திடும், ரெகுலர் நிகழ்ச்சி ஓடாது, முன்னாடியே திட்டம் போட்டுடணும்.

மழைக்காலம் தனிக் கதை. புயல் வந்தா பசங்க காத்துக்கிடக்குற ஒரே அறிவிப்பு "வாலாங் பாசோக்", இன்னைக்கு ஸ்கூல் லீவு. அதை முந்திச் சொல்ற நிகழ்ச்சிக்கு அவங்க மத்தியில தனி மரியாதை. பெரிய புயல்னா அது சிரிப்புல முடியாது. 2021 டிசம்பர்ல ஒடெத் புயல் செபு, போஹோல், சியார்காவ் பக்கமெல்லாம் அடிச்சப்ப வாரக்கணக்குல கரண்டு இல்ல, சிக்னல் இல்ல, ஃபேஸ்புக் லைவ் எல்லாம் ஒண்ணுமில்லாமப் போச்சு, பேட்டரி போட்ட பழைய டிரான்சிஸ்டருக்குத்தான் மதிப்பு. இணையம் போதும், அலைவரிசைய விட்டுடலாம்னு சொல்றவங்க இதை ஒரு தடவை நினைச்சுப் பாத்துட்டுச் சொல்லணும்.

நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்

மூணு எபிசோட் தயாரிச்சதும் ஒளிபரப்பாதீங்க. அந்த வயசுப் பசங்க ஆறு பேரைக் கூப்பிடுங்க, சர்ச் யூத் குரூப்ல இருந்து வேணாம், அவங்க நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க, மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்க. ஸ்கூல் வாசல்ல ஃபிஷ்பால் சாப்பிட்டுட்டு நிக்குற பசங்கள்ல, வீட்டுல கேட்டு அனுமதி வாங்கி, ஆறு பேர். போனை அவங்க கையிலயே விட்டுட்டு நிகழ்ச்சிய ஓட விடுங்க. எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. எந்த நிமிஷத்துல எத்தனை பேர் போனைப் பாத்தாங்கன்னு மட்டும் குறிங்க.

நாடகத்துல ஒருத்தர் பாத்திருப்பார், பேச்சுல மூணு பேர். வசனத்துல ஆறு பேரும் போனைப் பாத்தாங்கன்னா அவங்க மேல கோவப்படாதீங்க, வசனத்துக்கு முந்தின ஒரு நிமிஷத்தைத் திரும்ப எழுதுங்க, பிரச்சினை பெரும்பாலும் அங்கதான் இருக்கும், தொகுப்பாளர் குரல் அங்க வந்ததும் கூயாவுல இருந்து பாஸ்டரா மாறி இருக்கும். அதே ஆறு பேரை அடுத்த வாரம் கூப்பிட முடியாது, வேற ஆறு பேர் வேணும், அதனால ஃபிஷ்பாலுக்கும் பட்ஜெட்ல ஒரு வரி ஒதுக்கி வைங்க.